கைவிடப்பட்ட மருத்துவமனைகளும் ஒளிப்படமும்: சிதைவின் அழகும் நோயாளியின் பெயரும்

ஆய்வுச் சுருக்கம்

பயன்பாடு நின்றுபோன மருத்துவமனைகளுக்குள் சென்று அவற்றை ஒளிப்படமாகப் பதிவுசெய்யும் வழக்கம் 1990களுக்குப் பின் உலகின் பல நாடுகளில் பரவியுள்ளது. இப்படங்களில் பெரும்பாலானவை கட்டடச் சிதைவின் அழகை முன்னிறுத்துகின்றன. அக்கட்டடங்களில் வாழ்ந்து மறைந்த நோயாளிகள் அவற்றில் இடம்பெறுவதில்லை. இடம்பெறும்போதும் பேய்க்கதைப் பாத்திரங்களாக மாறிவிடுகின்றனர். அமெரிக்காவின் எல்லிஸ் தீவு, வில்லார்டு, ஓரிகன் மருத்துவமனைகள் தொடர்பான ஒளிப்படங்களை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, நோயாளியின் பெயரை மறைப்பதா வெளியிடுவதா என்னும் வினாவே இத்துறையின் மைய அறச்சிக்கல் என இக்கட்டுரை வாதிடுகிறது. தமிழ்த் தொழிலாளர் வாழ்வோடு நேரடித் தொடர்புடைய கோலார் தங்கவயல் மருத்துவமனையை முன்வைத்து, இவ்வினா நம் சூழலில் பெறும் பொருளையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கைவிடப்பட்ட மருத்துவமனை, ஒளிப்படம், மனநலக் காப்பகம், மருத்துவ ஆவணம், நோயாளியின் அந்தரங்கம், கோலார் தங்கவயல்.

முன்னுரை

'கைவிடப்பட்ட மருத்துவமனை' என்னும் தொடரில் உள்ள பெயரெச்சம் செயப்பாட்டு வினையடியாகப் பிறந்தது. கைவிட்டவர் யார் என்பதை அத்தொடர் சொல்வதில்லை. கைவிடப்பட்டது கட்டடம் மட்டுந்தானா, அதனுள் இருந்த மனிதர்களுமா என்பதையும் அது தெளிவுபடுத்துவதில்லை. இவ்விடங்களைப் பற்றிய ஒளிப்படங்களும் பெரும்பாலும் இதே செயப்பாட்டு வினையில்தான் பேசுகின்றன. உரிந்த சுவரும், உடைந்த சாளரமும், நடைக்கூடத்தில் தனித்து நிற்கும் சக்கர நாற்காலியும் காட்டப்படுகின்றன. செய்தவரும் இல்லை, பட்டவரும் இல்லை.

பாழிடத்தைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 52ஆம் பாடல் பாழ்பட்ட பொதியில் ஒன்றைக் காட்டுகிறது. அங்குச் சிதைவு, கட்டடத்தின் நிலையாக மட்டும் சொல்லப்படவில்லை. தூணில் உறைந்த கடவுள் அதனை விட்டு நீங்கியதும், மக்கள் இட்டுவந்த பலி நின்றுபோனதும் அதன் பாழ்நிலையை உணர்த்துகின்றன. யார் நீங்கினர், எச்செயல் நின்றது என்பவற்றைக் கொண்டே பாழ் அறியப்படுகிறது. கைவிடப்பட்ட மருத்துவமனைகளின் ஒளிப்படங்களையும் இவ்விரு வினாக்களைக் கொண்டு அணுகலாம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

1. மருத்துவமனைகள் வெறுமையான வரலாறு

மருத்துவமனைகள் கைவிடப்பட்டமைக்குக் கட்டடத்தின் முதுமை மட்டுமே காரணமன்று. நோய், மருந்து, சட்டம், பொருளாதாரம் ஆகியவற்றில் நேர்ந்த மாற்றங்களே அவற்றை வெறுமையாக்கின. அக்காரணங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, மருந்தின் வரவு. காசநோய்க்குத் தூய காற்றும் வெயிலும் ஓய்வுமே மருந்தாகக் கருதப்பட்ட காலத்தில், ஊருக்கு வெளியே காட்டுப்பகுதிகளில் பெரிய காசநோய் இல்லங்கள் எழுந்தன. பெர்லினுக்குத் தென்மேற்கே அமைந்த பீலிட்ஸ் மருத்துவமனை வளாகம் 1898இல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 200 எக்டேர் பரப்பில் 60 கட்டடங்கள் அங்கு இருந்தன. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியாசிடும் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தபின் இத்தகைய இல்லங்களின் தேவை உலகெங்கும் குறைந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள வேவர்லி ஹில்ஸ் காசநோய் மருத்துவமனை 1961இல் மூடப்பட்டதற்கு இதுவே காரணம். பீலிட்ஸின் போக்கு வேறு: இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது சோவியத் படையின் மருத்துவமனையாகி, 1994இல் அப்படை வெளியேறியபோதுதான் பெரும்பகுதி வெறுமையானது.

இரண்டாவது, மனநல மருத்துவக் கொள்கையில் ஏற்பட்ட மாற்றம். அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் 1955ஆம் ஆண்டு ஏறத்தாழ 5,58,000 பேர் உள்நோயாளிகளாக இருந்தனர். குளோர்புரோமசின் மருந்து, 1963ஆம் ஆண்டின் சமூக மனநல மையச் சட்டம், 1965இல் உருவான மெடிக்கெய்டு திட்டத்தின் நிதி விதிகள் ஆகியன சேர்ந்து இந்த எண்ணிக்கையைத் தொடர்ந்து குறைத்தன. 1994இல் அது ஏறத்தாழ 72,000 ஆயிற்று. விடுவிக்கப்பட்டோருக்கு உரிய சமூக மையங்கள் போதிய அளவில் எழவில்லை. பலர் தெருவுக்கும் சிறைக்கும் சென்றனர். எனவே, வெறுமையான காப்பகத்தை விடுதலையின் சின்னமாக மட்டுமோ கொடுமையின் சின்னமாக மட்டுமோ காண இயலாது.

மூன்றாவது, பேரிடர். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணுஉலை வெடித்தபோது, அருகிலிருந்த பிரிப்பியாத் நகரத்தின் 126ஆம் எண் மருத்துவப் பிரிவுக்குத் தீயணைப்பு வீரர்கள் கொண்டுவரப்பட்டனர். மறுநாள் நகரமே வெளியேற்றப்பட்டது.

நான்காவது, மருத்துவமனையைத் தாங்கிய தொழில் அல்லது நிருவாகம் முடிவுறுதல். நியூயார்க்குத் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு மருத்துவமனை குடியேறிகளைச் சோதிக்கும் பணி சுருங்கியதால் மூடப்பட்டது. கோலார் தங்கவயல் மருத்துவமனை சுரங்கம் மூடப்பட்டதால் செயலிழந்தது.

இவ்வேறுபாடுகள் ஒளிப்படத்தில் புலப்படுவதில்லை. மருந்து வென்றதால் வெறுமையான கூடமும், அரசு நிதியை நிறுத்தியதால் வெறுமையான கூடமும் கேமராவுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் பொறுப்பு படத்துடன் இணையும் எழுத்துக்கே உரியது. ஊரும் ஆண்டும் மூடப்பட்ட காரணமும் இல்லாத ஒளிப்படம், ஆவணம் என்னும் தகுதியை இழக்கிறது.

2. சிதைவு எவ்வாறு படமாகிறது

தடைசெய்யப்பட்ட, மறக்கப்பட்ட நகர இடங்களுக்குள் செல்லும் பழக்கத்துக்கு ஒரு தனி எழுத்து மரபு உண்டு. டொரான்டோவைச் சேர்ந்த ஜெஃப் சாப்மன் 1996இல் தொடங்கிய 'இன்ஃபில்ட்ரேஷன்' என்னும் சிற்றிதழும், 2005இல் வெளிவந்த அவருடைய 'அக்சஸ் ஆல் ஏரியாஸ்' நூலும் அம்மரபில் முன்னோடிகள். எதையும் உடைக்கலாகாது, எதையும் எடுக்கலாகாது, படம் மட்டும் எடுக்கலாம் என்னும் எழுதாச் சட்டம் இக்குழுக்களிடையே நிலவுகிறது. இணையமும் எண்ணிமக் கேமராவும் பரவியபின் இது பெருவழக்காயிற்று.

மருத்துவமனைகள் இவ்வழக்கில் தனியிடம் பெற்றமைக்குக் கட்டடக்கலை ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவமனைகள் ஒளியையும் காற்றையும் மருந்தாகக் கருதிக் கட்டப்பட்டவை. தாமஸ் கிர்க்பிரைடு 1854இல் வெளியிட்ட நூலில் வகுத்த மனநலக் காப்பகத் திட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நடுவில் நிருவாகக் கட்டடமும், அதன் இருபுறமும் படிப்படியாகப் பின்வாங்கிச் செல்லும் சிறகுகளும் கொண்ட அமைப்பு அது. ஒவ்வொரு சிறகின் முனையிலும் சாளரம் இருப்பதால் நீண்ட நடைக்கூடத்தின் இறுதியில் எப்போதும் வெளிச்சம் தெரியும். நோயாளியின் நலத்துக்காக வடிவமைக்கப்பட்ட அதே ஒளி, இன்று ஒளிப்படக்காரருக்கு ஆயத்தமான காட்சியமைப்பாகிறது.

சுவர் உரிவதற்கும் காரணம் உண்டு. கழுவித் துடைப்பதற்கு ஏற்றவாறு மருத்துவமனைச் சுவர்களில் எண்ணெய்ச் சாயம் பூசப்பட்டது. பல பத்தாண்டுகளில் அது பல அடுக்குகளாகத் தடித்தது. வெப்பமூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டதும் காரையில் ஈரம் ஏறுகிறது. குளிர்காலத்தில் அவ்வீரம் உறைந்து விரிகிறது. ஈரம் வெளியேற வழியின்றிச் சாயப்படலத்தைத் தள்ள, அது இலைபோலச் சுருண்டு உரிகிறது. ஆகவே, படத்தில் காணும் சுருள் சுருளான சாயம், வெப்பமூட்டுவதை நிறுத்திய ஒரு நிருவாக முடிவின் காணத்தக்க விளைவாகும்.

தொழில்நுட்ப அளவில் இவ்விடங்கள் கடினமானவை. சாளரம் மிகு வெளிச்சத்திலும் அறை இருளிலும் இருக்கும். ஒரே படத்தில் இரண்டையும் பதிவுசெய்ய இயலாததால், முக்காலியில் கேமராவை நிறுத்தி வெவ்வேறு ஒளியளவுகளில் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைப்பர். இம்முறையை மிகைப்படுத்தினால் நிழல் அனைத்தும் மறைந்து, துருவும் பாசியும் இயல்பினும் அதிக நிறம் பெறும். பொருள்களை இடம்மாற்றி வைப்பது இன்னொரு சிக்கல். நடைக்கூடத்தின் நடுவே ஒளி விழும் இடத்தில் சக்கர நாற்காலி தானாக வந்து நிற்பது அரிது. முன்னர் வந்த யாரோ ஒருவர் வைத்த பொருளைப் பின்வருவோர் 'விட்டுச்சென்றபடியே உள்ளது' எனக் குறிப்பிடுவதும் உண்டு. பிரிப்பியாத்தின் பொம்மைகளும் முகமூடிகளும் இவ்வாறு மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டவை. ஆவணமென நம்பப்படும் படம் அங்கே நாடகமாகிவிடுகிறது.

3. கட்டடத்தை வாசித்த இருவர்

இத்துறையின் பொதுப்போக்கிலிருந்து விலகி நிற்கும் இரு ஒளிப்படத் தொகுதிகள் குறிப்பிடத்தக்கவை. இரண்டுமே உரிய ஒப்புதலுடன், பல ஆண்டு உழைப்பில் உருவானவை.

கட்டடக்கலை பயின்ற கிறிஸ்டோபர் பெயின் 2002 முதல் 2008 வரை அமெரிக்காவின் 30 மாநிலங்களில் 70 மனநல நிறுவனங்களைப் பதிவுசெய்தார். அப்படங்கள் 2009இல் 'அசைலம்' என்னும் நூலாயின. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அதற்குக் கட்டுரை எழுதினார். நோயாளிகள் அறைகளோடு, நிறுவனத்தின் பணிக்கூடங்களும் இந்நூலில் இடம்பெறுகின்றன. இக்காப்பகங்கள் தமக்கென வயல், சலவையகம், தையற்கூடம், மின்நிலையம் கொண்ட தனி ஊர்களாக இயங்கியவை; நோயாளிகளும் அவற்றில் உழைத்தனர். பூட்டி வைக்கப்பட்ட துயரத்தோடு அங்கொரு புகலிடமும் இருந்தது என்னும் சாக்ஸின் கருத்தை இப்படங்கள் வலுப்படுத்துகின்றன. ஹட்சன் ஆற்றங்கரை மாநில மருத்துவமனையில் எடுத்த படமொன்றில் நோயாளிகளின் பல்துலக்கிகள் வரிசையாகத் தொங்குகின்றன. சிதைந்த கூரையைவிட அப்பல்துலக்கிகள் ஆழமாகப் பேசுகின்றன. ஒவ்வொன்றும் நாள்தோறும் ஒருவர் கையில் இருந்தது.

ஸ்டீபன் வில்க்ஸ் எல்லிஸ் தீவில் 1998இல் தொடங்கி ஐந்தாண்டுகள் பணியாற்றினார். 1902 முதல் இயங்கிய அம்மருத்துவமனை, கப்பலில் வந்திறங்கிய குடியேறிகளுள் நோயுற்றோரைத் தடுத்து வைத்தது. குணமானோர் நாட்டுக்குள் சென்றனர், சிலர் திருப்பியனுப்பப்பட்டனர், ஏறத்தாழ 3,500 பேர் அங்கேயே இறந்தனர். காசநோய்ப் பிரிவில் எடுத்த படமொன்றில், கைகழுவும் தொட்டிக்கு மேலுள்ள கண்ணாடியில் சுதந்திர தேவி சிலை தெரிகிறது. படுக்கையில் கிடந்தவர் கண்ட நாடு அதுவே: கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது. நோயாளியின் பார்வைக்கோணத்தில் கேமராவை நிறுத்தியதாலேயே இப்படம் சிறக்கிறது. மேலும், இவருடைய படங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கவனத்தை ஈர்த்து, கட்டடங்களைக் காக்க 60 இலட்சம் டாலர் நிதி கிடைக்கத் துணைநின்றன. அப்படங்கள் 2006இல் நூலாக வெளிவந்தன. ஒளிப்படம் கட்டடத்தின் விதியை மாற்றியமைக்கு இது தெளிவான சான்று.

இவ்விரு தொகுதிகளும் 'எச்செயல் நின்றது' என்னும் வினாவுக்கு விடைதருகின்றன. 'யார் நீங்கினர்' என்னும் வினாவோ இன்னும் எஞ்சியே நிற்கிறது. அதற்கு விடைதேடும்போதுதான் பெயர் என்னும் சிக்கல் எழுகிறது.

4. பெயரும் எண்ணும்

நியூயார்க் மாநிலத்தின் வில்லார்டு மனநல மருத்துவமனை 1869இல் திறக்கப்பட்டு 1995இல் மூடப்பட்டது. மூடும் பணியின்போது ஒரு கட்டடத்தின் மேல்மாடப் பரணில் 400க்கும் மேற்பட்ட பயணப்பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. 1910 முதல் 1960கள் வரை அங்குச் சேர்க்கப்பட்ட நோயாளிகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை அவை. உரியவர் திரும்பிச் செல்லாததால் பெட்டிகள் பரணிலேயே தங்கிவிட்டன. நியூயார்க் மாநில அருங்காட்சியகம் அவற்றைப் பெற்றுப் பாதுகாத்தது. 2004இல் கண்காட்சியும் 2008இல் டார்பி பென்னி, பீட்டர் ஸ்டாஸ்ட்னி ஆகியோரின் நூலும் வெளிவந்தன. 2011 முதல் ஜான் கிறிஸ்பின் இப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஒளிப்படமெடுத்தார்.

கிறிஸ்பினின் படங்களில் சிதைவு ஏறத்தாழ இல்லை. மடித்த துணி, தையற்பெட்டி, கடிதம், குடும்பப்படம், கடிகாரம் என அனைத்தும் ஒழுங்காக உள்ளன. மருத்துவமனைக்கு வந்தவர் விரைவில் திரும்பிவிடும் நம்பிக்கையோடு வந்தார் என்பதைப் பெட்டியின் உள்ளடக்கமே சொல்கிறது. ஆயினும் இப்படங்களில் பெட்டிக்கு உரியவரின் பெயர் மறைக்கப்பட்டுள்ளது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் மாநிலச் சட்டம், அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் பெயரை வெளியிட இடந்தராததே அதற்குக் காரணம்.

இச்சட்டத்தின் விளைவு அதே ஊரின் இடுகாட்டில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அங்கு 5,700க்கும் மேற்பட்ட நோயாளிகள் புதைக்கப்பட்டனர். கல்லறைகளில் பெயர் இல்லை; எண் பொறித்த இரும்பு அடையாளங்களே இருந்தன. புல்வெட்டுவதற்கு இடையூறு என அவற்றிலும் பல பின்னர் அகற்றப்பட்டன. தாமும் நோயாளியாக இருந்துகொண்டு, சக நோயாளிகளுக்காக 1,500க்கும் மேற்பட்ட குழிகளைத் தோண்டிய ஒருவர் 1968இல் தம் 90ஆம் வயதில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். அவர் பெயர் பொறித்த நினைவுப்பலகை 2015இல்தான் நிறுவப்பட்டது. அதற்கும் தன்னார்வலர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

ஓரிகன் மாநிலம் வேறு வழியைத் தேர்ந்தது. 1975ஆம் ஆண்டுத் திரைப்படமான 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' படமாக்கப்பட்ட ஓரிகன் மாநில மருத்துவமனையில், 1914 முதல் 1970களின் தொடக்கம் வரை எரியூட்டப்பட்டு, உறவினர் பெற்றுக்கொள்ளாத ஏறத்தாழ 3,500 பேரின் சாம்பல் செப்புக் கலங்களில் இருந்தது. 2004இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் மருத்துவமனையைப் பார்வையிட்டபோது இக்கலங்கள் பொதுக்கவனத்துக்கு வந்தன. இம்மருத்துவமனையின் நிலை குறித்து எழுதிய தலையங்கங்களுக்காக 'தி ஓரிகோனியன்' நாளிதழ் 2006இல் புலிட்சர் பரிசு பெற்றது.

இக்கலங்களை டேவிட் மைசல் ஒளிப்படமாக்கினார். 2008இல் 'லைப்ரரி ஆஃப் டஸ்ட்' என்னும் நூல் வெளிவந்தது. ஈரம்பட்ட செம்பு, நீலமும் பச்சையும் வெண்மையுமாகப் பூத்திருந்தது. கறுத்த பின்புலத்தில் ஒவ்வொரு கலமும் தனித்தனியே, பெரிய அளவில் காட்டப்பட்டது. எளிய பார்வைக்கு இவை கோள்களின் படங்கள் போல அழகாகத் தோன்றும். அந்த அழகே இப்படங்களின் வலிமையும் குறையுமாகும். ஒரு மனிதரின் எச்சத்தை நிறக்கலவையாகச் சுவைக்கும் இடர் இங்குள்ளது. மறுபுறம், ஒரே மாதிரியாக அடுக்கப்பட்டிருந்த கலங்கள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய நிறம் பெற்றிருப்பதால், திரளாகக் கருதப்பட்டோர் மீண்டும் தனித்தனி மனிதராகின்றனர். ஆயினும் கலத்தின் மூடியில் தெரிவது எண் மட்டுமே.

ஒளிப்படத்தால் இயலாததை நிருவாகம் செய்தது. சட்டத் திருத்தத்தின் துணையோடு, அச்சாம்பலுக்குரியோரின் பெயர்ப்பட்டியலை மருத்துவமனை 2011இல் இணையத்தில் வெளியிட்டது. குடும்பத்தினர் தேடிவந்து தம் முன்னோரின் சாம்பலைப் பெறத் தொடங்கினர். எஞ்சியோருக்கு 2014இல் பெயர் பொறித்த நினைவிடம் எழுப்பப்பட்டது.

இவ்விரு மாநிலங்களின் வேறுபாடு அடிப்படையானது. நோயாளியின் பெயரைக் காப்பது அவர் உயிரோடிருக்கையில் அவருக்குப் பாதுகாப்பு. இறந்து மூன்று தலைமுறை கடந்தபின்னும் அதனை மறைத்தால், மனநோய் வெளியில் சொல்லத்தகாத இழிவு என்னும் கருத்தையே சட்டம் நிலைநிறுத்துகிறது. அதே வேளையில், பெயரைத் திருப்பித்தந்தது ஓரிகனில் ஓர் ஒளிப்படக்காரரின் தனி முடிவன்று. பதிவேடுகளை ஒப்பிட்டு, சட்டம் திருத்தி, குடும்பங்களுக்கு வழிதிறந்து ஒரு பொது நிறுவனம் அதனைச் செய்தது. பூட்டை உடைத்து நுழைந்தவர் நோயாளிப் பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து வெளியிடுவதும், மருத்துவமனையே பட்டியல் வெளியிடுவதும் ஒன்றல்ல. முன்னது அம்பலப்படுத்துதல்; பின்னது உரியவரிடம் சேர்த்தல்.

பெயர் கிட்டாத இடத்தைப் பேய்க்கதை நிரப்புகிறது. வேவர்லி ஹில்ஸ் மருத்துவமனையும், மேற்கு வர்ஜீனியாவில் 1864 முதல் 1994 வரை இயங்கிய வெஸ்டன் மனநலக் காப்பகமும் இன்று பேய்ச் சுற்றுலாவுக்குப் பெயர்பெற்றவை. நுழைவுக்கட்டணத்தால் கட்டடம் காக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால், காசநோயால் இருமி இறந்தவரும் மனநோயால் வருந்தியவரும் அச்சுறுத்தும் உருவங்களாக மாற்றப்படுகின்றனர். வாழ்ந்த காலத்தில் சமூகம் அவர்களிடம் கொண்ட அச்சத்தின் நீட்சியே இது.

5. நுழைவின் இடர்கள்

கைவிடப்பட்ட மருத்துவமனை, கைவிடப்பட்ட பிற கட்டடங்களைவிட ஆபத்தானது. குழாய்ச் சுற்றுகளில் கல்நார், பழைய சாயத்தில் ஈயம், புறா எச்சத்தில் வளரும் பூஞ்சை, உளுத்த தளம் ஆகியன பொதுவான இடர்கள். மருத்துவத்துக்கே உரிய இடர்களும் உண்டு. பிரிப்பியாத் மருத்துவமனையின் அடித்தளத்தில் வீசப்பட்ட தீயணைப்பு வீரர்களின் உடைகள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் கடுங்கதிர்வீச்சு உடையனவாக இருந்தன.

பிரேசிலின் கோயானியா நகரில் 1987இல் நேர்ந்தது இவ்வகையில் பெரும்பாடம். இடம்மாறிச் சென்ற கதிர்மருத்துவ நிலையம் ஒன்று, சீசியம்-137 கொண்ட சிகிச்சைக் கருவியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச்சென்றது. 1987 செப்டம்பர் 13 அன்று அங்கு நுழைந்த இருவர் கருவியின் பகுதியைப் பழைய இரும்பாகக் கருதி எடுத்துச்சென்றனர். உறை உடைக்கப்பட்டபின், இருளில் நீலமாக ஒளிர்ந்த தூளைக் கண்டு வியந்த குடும்பங்கள் அதனைப் பகிர்ந்துகொண்டன. நால்வர் இறந்தனர்; 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 1,12,000 பேர் சோதிக்கப்பட்டனர். அக்கட்டடத்தில் கைவிடப்பட்டது சுவரும் கூரையும் மட்டுமல்ல. ஒரு பொறுப்பும் ஆகும். அப்பொறுப்பின் விலையைச் செலுத்தியவர்கள் ஏழைகள்.

6. கோலார் தங்கவயல்: நம் பக்கத்து எச்சம்

மேற்கண்ட வினாக்கள் அயல்நாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் சுரங்கப்பணியைத் தொடங்கியது. வடாற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள், அவர்களுள்ளும் பெரும்பான்மையாகத் தலித் மக்கள், அச்சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். சுரங்க நிருவாகம் அவர்களுக்கெனப் பெரிய மருத்துவமனையை நடத்தியது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடியதும் மருத்துவமனையும் செயலிழந்தது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தன்னார்வலர்கள் அக்கட்டடத்தைத் துப்புரவு செய்து மீண்டும் சிகிச்சைக்கு ஏற்றதாக்கினர். இருபதாண்டுகள் பூட்டிக்கிடந்த கட்டடத்தைப் பாழ் என்று முடிவுகட்டிவிட இயலாது என்பதற்கு இது சான்று.

சுரங்க மருத்துவமனையில் பெயரின் சிக்கல் வேறொரு வடிவம் பெறுகிறது. பாறைத்தூளை நெடுங்காலம் உட்கொண்டோர்க்குச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும். அதன் நாட்பட்ட வகை பொதுவாகப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ கடந்தே வெளிப்படும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதனைத் தொழில்சார் நோயாக ஏற்றிருந்தது. இழப்பீடு கோருவோர்க்கு எக்ஸ்ரே படமும் சிகிச்சைப் பதிவும் இன்றியமையாதவை. ஆனால், இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் உள்நோயாளிப் பதிவுகளைக் குறைந்தது மூன்றாண்டுகள் பேணினால் போதும் என்கின்றன. நோய் வெளிப்படப் பத்தாண்டு, பதிவுக்கு மூன்றாண்டு. இவ்விடைவெளியில் ஒரு மருத்துவமனை மூடப்படுமானால், தரையில் சிதறிக்கிடக்கும் பதிவேடு யாரோ ஒரு கைம்பெண்ணின் வழக்குக்குரிய சான்றாக இருக்கக்கூடும். அதனைப் 'பழமையின் அழகு' எனப் படமெடுத்துவிட்டு மழையில் விட்டுவருவது சான்றழிவைக் கண்டும் காணாதிருத்தலாகும்.

7. பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து, இந்தியச் சூழலில் கைவிடப்பட்ட மருத்துவமனையைப் பதிவுசெய்ய முனைவோர்க்குச் சில நெறிகளை வகுத்துரைக்கலாம்.

முதலாவதாக, உரியவரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். பாரதிய நியாய சம்ஹிதையின் 329ஆம் பிரிவின்படி, அத்துமீறி நுழைதல் அதன் நோக்கத்தைப் பொறுத்துக் குற்றமாகும். ஒப்புதல் பெறுவது சட்டப் பாதுகாப்புக்காக மட்டுமன்று. பெயினும் வில்க்ஸும் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சென்று பார்க்க முடிந்ததற்கு ஒப்புதலே வழிவகுத்தது.

இரண்டாவதாக, நோயாளியை அடையாளங்காட்டும் எதையும் வெளியிடலாகாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23, 24ஆம் பிரிவுகள் மனநோயாளியின் அந்தரங்கத்தை உரிமையாக ஏற்று, அவர்தம் படத்தையும் தகவலையும் ஒப்புதலின்றி ஊடகங்களுக்கு வெளியிடுவதைத் தடைசெய்கின்றன. இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட மருத்துவமனையின் நோயாளிகள் இன்றும் உயிரோடிருக்கலாம்.

மூன்றாவதாக, பதிவேடுகளைக் கண்டால் அவற்றை எடுத்துச்செல்லாமலும் பக்கங்களை வெளியிடாமலும், அவை கிடக்கும் இடத்தையும் அளவையும் நிலையையும் குறித்து, மாவட்ட நிருவாகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கதிர்மருத்துவக் கருவியோ அதன் எச்சரிக்கைக் குறியோ தென்பட்டால் உடனே வெளியேறி அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும்.

நான்காவதாக, எப்பொருளையும் இடம்மாற்றலாகாது. மாற்றியிருப்பின் படக்குறிப்பில் சொல்ல வேண்டும்.

ஐந்தாவதாக, மருத்துவமனை தொடங்கிய ஆண்டு, மூடிய ஆண்டு, மூடிய காரணம், பணியாற்றியோரிடமிருந்தும் சிகிச்சை பெற்றோரிடமிருந்தும் கிடைத்த வாய்மொழித் தகவல் ஆகியன படத்துடன் இணைய வேண்டும்.

முடிவுரை

கைவிடப்பட்ட மருத்துவமனைகள் மருந்து, கொள்கை, பேரிடர், தொழில்முடிவு எனப் பல காரணங்களால் வெறுமையானவை. சிதைவின் அழகை மட்டும் பதிவுசெய்யும் ஒளிப்படம் இவ்வேறுபாடுகளை அழித்துவிடுகிறது. பெயினின் படங்கள் நின்றுபோன உழைப்பையும், வில்க்ஸின் படங்கள் நோயாளியின் பார்வையையும், கிறிஸ்பினின் படங்கள் திரும்பும் நம்பிக்கையையும், மைசலின் படங்கள் எண்ணாக்கப்பட்ட மனிதரின் தனித்தன்மையையும் மீட்டுத்தந்தன. ஆயினும் பெயரை மீட்டுத்தரும் உரிமையும் கடமையும் பொது நிறுவனங்களுக்கு உரியவை என்பதை வில்லார்டும் ஓரிகனும் எதிரெதிர் நின்று காட்டுகின்றன.

நோயாளிக்குப் பெயர்சூட்டும் உரிமை ஒளிப்படக்காரருக்கு இல்லை. அங்கே பெயர்கள் உள்ளன, அவை நனைந்து அழிகின்றன என்பதை அறிவிக்கும் கடமை அவருக்கு உண்டு. தமிழகத்திலும் தமிழர் உழைத்த பிற இடங்களிலும் மூடப்பட்ட தோட்ட, சுரங்க, ஆலை மருத்துவமனைகளின் பதிவேடுகள் எங்கு, எந்நிலையில் உள்ளன எனக் கண்டறிந்து பட்டியலிடுவது அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வுப்பணியாகும். கட்டடம் இடிந்தபின் அதன் ஒளிப்படமாவது எஞ்சும். பதிவேடு அழிந்தால் அதிலிருந்த பெயரை மீட்க வழியில்லை.